இரண்டாவது சிலிண்டர் எதற்கு?

சைட்மவுண்ட் என்பது, ஸ்கூபா டைவர் காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமக்காமல் விலாவோடு ஒட்டி, அக்குளுக்கும் இடுப்புக்கும் இடையில் மாட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கும் முறை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். இரண்டையும் இணைக்கும் குழாய் எதுவும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, மூச்சிழுக்கத் தனி ரெகுலேட்டர், தனி அழுத்தமானி. ஒன்று கைவிட்டாலும் மற்றது தனித்து நின்று காப்பாற்ற வேண்டும் என்பதே இந்த அமைப்பின் அடிப்படை. குகைக்குள் மட்டும் புழங்கிவந்த இந்த முறை, கடந்த பதினைந்து ஆண்டுகளில் கடலில் பொழுதுபோக்காக இறங்குகிறவர்களிடமும் பரவிவிட்டது. பெரிய பயிற்சி அமைப்புகள் இதைத் தனிப் பாடமாகவே கற்றுத்தருகின்றன.

முதுகில் சிலிண்டர் இல்லாததால் அங்கே மெல்லிய மிதவைப் பை ஒன்று மட்டும் தட்டையாகப் படிந்திருக்கும். அதில் காற்றை ஏற்றியும் இறக்கியும் டைவர் தான் நிற்கும் ஆழத்தைச் சரிசெய்துகொள்வார். முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் தடித்த ரப்பர் கயிறு சிலிண்டரின் தலைப்பகுதியை அக்குளுக்கு அடியில் இழுத்துப் பிடிக்கும். அடிப்பகுதியில் உள்ள கொக்கி இடுப்புப் பட்டையின் வளையத்தில் மாட்டப்படும். வலது சிலிண்டரின் ரெகுலேட்டர் சுமார் 2 மீட்டர் நீளக் குழாயில் இருக்கும். கூட வந்தவருக்குக் காற்று தீர்ந்துபோனால் நீட்டுவதற்கு அந்த நீளம். இடது சிலிண்டரின் ரெகுலேட்டர் குட்டைக் குழாயில் இணைந்து, கழுத்தைச் சுற்றிய ரப்பர் வளையத்தில் தாடைக்குக் கீழே தொங்கும். கை உதவி இல்லாமலே தலையைக் குனிந்து அதை வாயால் கவ்விக்கொள்ளலாம்.

இந்த அமைப்பை யாரும் வசதிக்காக யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கில் மெண்டிப் குன்றுகளில் சுண்ணாம்புக் குகைகள் உண்டு. அங்கே வூக்கி ஹோல் என்ற குகையின் நீர் நிறைந்த பகுதிக்குள் 1935-இலேயே கனத்த உலோகத் தலைக்கவசம் அணிந்து இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். அந்த நாட்டுக் குகைகளில் தவழ்ந்து போகும் வறண்ட பாதை திடீரென்று நீருக்குள் மறையும். சில மீட்டர் மூழ்கிப் போனால் மறுபடி வறண்ட பாதை வரும். முதுகில் சிலிண்டரோடு அந்த இடுக்குகளில் நுழையவே முடியாது. 1960-களில் ஆங்கிலேயக் குகை டைவர்கள் சிலிண்டரை இடுப்புப் பட்டையில் தொடையோரம் மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். தவழும்போது கழற்றி முன்னால் தள்ளிக்கொண்டு போகலாம், நீர் வந்ததும் மாட்டிக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் புளோரிடாவில் நிலைமை வேறு. அங்கே குகைகள் முழுக்க முழுக்க நீர் நிறைந்தவை. தவழ வேண்டியதில்லை, நீண்ட தூரம் நீந்த வேண்டும். தொடையோரம் தொங்கும் சிலிண்டர் நீச்சலுக்கு இடைஞ்சல். வூடி ஜாஸ்பர், லமார் ஹயர்ஸ் போன்ற டைவர்கள் சிலிண்டரை மேலே அக்குள் வரை ஏற்றி, உடலுக்கு இணையாகப் படியவைத்தார்கள். ரப்பர் கயிற்றுக்குச் சைக்கிள் டியூபை வெட்டிப் பயன்படுத்திய காலம் அது. இன்று கடையில் கிடைக்கும் சைட்மவுண்ட் உடுப்புகள் எல்லாம் அந்த வீட்டுத் தையலின் வாரிசுகள். மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள நீரடிக் குகைகளை வரைபடமாக்கியதிலும் இந்த முறைக்குப் பெரும் பங்குண்டு.

உலகம் முழுவதும் இந்த முறையைத் தன்னையறியாமல் தொலைக்காட்சியில் பார்த்தது 2018-இல். தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் அவர்களது கால்பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டார்கள். ஜூலை 2 அன்று அவர்களை முதலில் கண்டவர்கள் ரிக் ஸ்டேன்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு ஆங்கிலேயக் குகை டைவர்கள். இருவரும் பயன்படுத்தியது பக்கவாட்டுச் சிலிண்டர்கள்தான். சேறு கலங்கிக் கை தெரியாத நீரில், உடலை ஒடுக்கினால்தான் நுழைய முடியும் என்ற இடுக்குகளில் அது வேலை செய்தது. ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாட்களில் 13 பேரும் வெளியே கொண்டுவரப்பட்டார்கள்.

நீர் நிறைந்த நீண்ட குகைகள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையில்தான் அமையும். மழைநீர் அந்தப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து உள்ளே வழி உண்டாக்குகிறது. இந்தியாவில் இத்தகைய நிலம் மேகாலயாவில் இருக்கிறது. அங்குள்ள கிரெம் லியாத் ப்ரா குகை 30 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலை வேறு வகை. அது சார்னோக்கைட் எனப்படும், நீரில் கரையாத, மிகப் பழமையான கடினப் பாறை. அந்த மலைமேல் உள்ள ஏற்காட்டில் கரடிக் குகை உண்டு. 1600 மீட்டருக்கும் மேலே உள்ள சேர்வராயன் கோயிலில் சேர்வராயனும் காவிரி அம்மனும் வீற்றிருப்பதும் குகைக்குள்தான். அந்தக் குகை வழி காவிரி வரை நீள்கிறது என்ற நம்பிக்கையும் மலைமக்களிடம் இருக்கிறது. ஆனால் பாறையின் இயல்பைப் பார்த்தால் இவை பாறை வெடிப்புகளும் பாறைகள் சரிந்து உண்டான இடைவெளிகளுமே. டைவர் நீந்திப் போகும் குகை இந்த மலையில் அமைய வழியில்லை. தமிழ்நாட்டிலிருந்து சைட்மவுண்ட் கற்கப் போகிறவருக்கு அது கடலில் பயன்படும் கருவி. சேர்வராயன் மலைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு கடைசியில், வீடு திரும்பும் வழியில் வருகிறது.

முதலில் நன்மைகள். நீரில் இறங்கிய சில நிமிடங்களிலேயே தெரிவது உடல் நிலை. முதுகில் கனம் இல்லாததால் உடல் இயல்பாகப் படுக்கைவாட்டில் நிற்கிறது. இரு பக்கமும் சம எடை இருப்பதால் உருளுவதில்லை. நீரைக் கிழிக்கும் பரப்பு குறைவதால் ஒவ்வொரு உதைக்கும் கூடுதல் தூரம் கிடைக்கிறது. உழைப்பு குறைந்தால் மூச்சும் குறைகிறது. பவளத்திட்டின் மேல் தாழ்வாக நீந்தும்போது கால் கீழே தொங்கி மண்ணைக் கிளப்புவதோ பவளத்தை உடைப்பதோ நன்கு பயின்ற சைட்மவுண்ட் டைவரிடம் அரிது.

அதைவிடப் பெரிய நன்மை, வால்வு கண்ணெதிரே இருப்பது. முதுகுச் சிலிண்டரில் வால்வு தலைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே காற்று கசிந்தால் சத்தம் கேட்கும், குமிழி தெரியாது. இரட்டைச் சிலிண்டரை முதுகில் சுமக்கிறவர் கையைத் தோளுக்குப் பின்னால் வளைத்து வால்வைத் திருகப் பழக வேண்டும். தோள் இறுகியவர்களுக்கு அது எட்டவே எட்டாது. சைட்மவுண்டில் கையை மார்பருகே மடக்கினால் வால்வு கையில் இருக்கிறது. ஒரு ரெகுலேட்டர் கெட்டுப்போய்க் காற்றைக் கொட்டத் தொடங்கினால், சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். சைட்மவுண்ட் டைவர் உடனே அந்த வால்வை மூடிவிட்டு அடுத்த சிலிண்டருக்கு மாறுவார். அதுவும் போதாத நிலை வந்தால் இன்னொரு வழி உண்டு: கெட்ட ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டே வால்வைத் திறந்து ஒரு மூச்சு இழுப்பது, மூடுவது, வெளிவிடுவது, மறுபடி திறப்பது. மூச்சுக்கு மூச்சு கையால் காற்றை அளந்து எடுக்கும் இந்த வித்தை முதுகுச் சிலிண்டரில் ஏறக்குறைய முடியாத காரியம்.

தரையில் கிடைக்கும் நன்மையும் சின்னதல்ல. உலகெங்கும் புழங்கும் அலுமினியச் சிலிண்டர் 11.1 லிட்டர் கொள்ளளவு கொண்டது. வால்வோடு, காற்று நிரப்பி, சுமார் 17 கிலோ இருக்கும். இரண்டையும் இணைத்து முதுகில் ஏற்றினால் 35 கிலோவைத் தாண்டும். அதோடு மணலில் நடப்பதும் படகில் எழுந்து நிற்பதும் இடுப்பை வாட்டும். சைட்மவுண்டில் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், இடுப்பளவு நீரில் நின்று மாட்டிக்கொள்ளலாம். முதுகுவலிக்காரர்களும் வயதானவர்களும் தசைவலு குறைந்தவர்களும் இதனாலேயே இந்த முறைக்கு வந்திருக்கிறார்கள். இணைப்புக் குழாய் பூட்டிய இரட்டைச் சிலிண்டர் எல்லா ஊரிலும் கிடைக்காது. தனிச் சிலிண்டர் எந்த டைவிங் மையத்திலும் கிடைக்கும்.

இனி, விளம்பரங்களில் அதிகம் சொல்லப்படும் நன்மை: இரண்டு சிலிண்டர் இருந்தால் இரு மடங்கு நேரம் நீரடியில் இருக்கலாம் என்பது. இதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

புதுச்சேரிக்கு அப்பால் கடலில் உள்ள டெம்பிள் ரீஃப் செயற்கைத் திட்டு சுமார் 18 மீட்டர் ஆழம். அங்கே அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் 2.8 மடங்கு. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று செலவழிக்கும் ஒருவர் அங்கே 56 லிட்டர் செலவழிப்பார். 11.1 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2220 லிட்டர் காற்று அடங்கும். 50 பாரை இருப்பாக வைத்துவிட்டால் செலவழிக்கக்கூடியது 1665 லிட்டர். அது 30 நிமிடத்துக்கு வரும். இரண்டு சிலிண்டர் என்றால் 59 நிமிடம். ஆனால் 18 மீட்டரில், மேலேறும்போது (உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்கான) கட்டாய நிறுத்தம் இல்லாமல் இருக்கக்கூடிய நேரம், பொழுதுபோக்கு டைவிங் அட்டவணைகளின்படி சுமார் 55 நிமிடம்தான். காற்று தீர்வதற்கு முன் உடலில் ஏறிய நைட்ரஜன் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

ஆழம் கூடினால் இந்த முரண் இன்னும் தெளிவாகும். 30 மீட்டரில் அழுத்தம் 4 மடங்கு, செலவு நிமிடத்துக்கு 80 லிட்டர். ஒரே சிலிண்டரில் 20 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே தாங்கும். அந்த ஆழத்தில் நிறுத்தமில்லா எல்லையும் சுமார் 20 நிமிடமே. ஆக, 30 மீட்டரில் இரண்டாவது சிலிண்டர் கூடுதல் நேரத்தைத் தருவதே இல்லை. அது தருவது வேறொன்று: ரெகுலேட்டர் கெட்டாலோ, வலையில் மாட்டினாலோ, கூட வந்தவருக்குக் காற்று தீர்ந்தாலோ பதறாமல் மேலே வர ஒரு முழு வாய்ப்பு. அதற்கு விலை மதிப்பே இல்லை. சைட்மவுண்டை வாங்குகிறவர்களில் பலர் நேரத்துக்காக வாங்குகிறார்கள், அதன் உண்மையான பயன் காவலில் இருக்கிறது. இந்த வேறுபாட்டை முதல் வகுப்பிலேயே அழுத்திச் சொல்லாத பயிற்சி குறையுள்ள பயிற்சிதான்.

குகை டைவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் ஒவ்வொரு சிலிண்டரிலும் மூன்றில் ஒரு பங்கைப் போவதற்கும், ஒரு பங்கைத் திரும்புவதற்கும் ஒதுக்கி, மூன்றாவது பங்கைத் தொடாமல் வைப்பார்கள். தலைக்கு மேல் பாறை இருக்கும் இடத்தில் இந்த விதியை மீறியவர்கள் பலர் திரும்பவில்லை.

குறைகளுக்கு வருவோம். இரண்டு சிலிண்டரும் தனித்தனி என்பதே பலம், அதுவே சுமையும். ஒன்றிலேயே மூச்சுவிட்டுக்கொண்டிருக்க முடியாது. 100 பார் அளவுக்கு ஒரு பக்கம் மட்டும் தீர்ந்தால் இரு பக்கத்துக்கும் எடை வேறுபாடு 1.3 கிலோவைத் தாண்டும், உடல் ஒருபக்கம் சாயும். அதைவிட முக்கியம், நிரம்பிய பக்கத்து ரெகுலேட்டர் கெட்டால் கையில் மிஞ்சுவது காலியான சிலிண்டர். அதனால் 30 அல்லது 50 பாருக்கு ஒருமுறை ரெகுலேட்டரை மாற்றி மாற்றிச் சுவாசிக்க வேண்டும். இரண்டு மானிகளையும் பார்த்து, எது எவ்வளவு என்று மனத்தில் வைத்திருக்க வேண்டும். தெளிந்த நீரில், நிதானமான மனநிலையில் இது எளிது. நீரோட்டம் இழுக்கும்போது, கலங்கல் நீரில், ஒரு கையில் கேமராவும் இருக்கும்போது மறந்துபோகும்.

முதுகில் சுமக்கும் இணைப்பு இரட்டைச் சிலிண்டருக்கு இந்த விஷயத்தில் ஓர் அனுகூலம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதில் ஒரு ரெகுலேட்டர் கெட்டால் அந்த வால்வை மட்டும் மூடிவிட்டு, இரண்டு சிலிண்டரின் காற்றையும் மற்ற ரெகுலேட்டர் வழியாகவே எடுக்கலாம். சைட்மவுண்டில் கெட்ட பக்கத்துக் காற்று அங்கேயே சிறைப்பட்டுவிடும். வால்வைத் திறந்து மூடும் வித்தை தெரியாதவருக்கு அது இருந்தும் இல்லாததுதான்.

துணைக்குக் காற்று கொடுப்பதிலும் ஒரு சிக்கல். சாதாரண டைவரின் உதவி ரெகுலேட்டர் மஞ்சள் நிறத்தில் மார்பருகே இருக்கும். யாராக இருந்தாலும் அதைப் பிடுங்கிக்கொள்ளப் பயின்றிருப்பார்கள். சைட்மவுண்ட் டைவர் நீளக் குழாயில் சுவாசித்துக்கொண்டிருந்தால் வாயில் இருப்பதையே எடுத்துக் கொடுத்துவிட்டுக் கழுத்தில் தொங்குவதற்கு மாற வேண்டும். குட்டைக் குழாயில் சுவாசிக்கும் நேரத்தில் நீளக் குழாய் வலது தோள் வளையத்தில் கொக்கியிட்டுக் கிடக்கும். அதைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். பதற்றத்தில் வருகிற துணை எதைப் பிடிப்பது என்று தேடினால் அந்த நொடிகள் கனமானவை. இறங்குவதற்கு முன் படகிலேயே இருவரும் கையால் தொட்டுக் காட்டி ஒத்திகை பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். வார இறுதிக் கூட்டத்தில் அவசர அவசரமாக ஜோடி சேர்க்கப்படுகிறவர்களிடம் அந்த ஒத்திகை நடப்பதில்லை.

அலுமினியச் சிலிண்டருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. நிரம்பியிருக்கும்போது கடல்நீரில் அது அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கீழே இழுக்கும். காற்று தீரத் தீர எடை குறைந்து, கடைசியில் ஏறக்குறைய 2 கிலோ மேலே இழுக்கத் தொடங்கும். தலைப்பகுதியை ரப்பர் கயிறு பிடித்திருப்பதால் அடிப்பகுதிதான் மிதந்து எழும். உடலோடு படிந்திருந்த சிலிண்டர் பின்பக்கம் வால்போல் தூக்கி நிற்கும். பழகிய டைவர் நடுவிலேயே கொக்கியைப் பின்வளையத்திலிருந்து முன்வளையத்துக்கு மாற்றிச் சரிசெய்வார். புதியவர் அதைக் கவனிக்காமல் நீந்துவார், நீரோட்டத்தோடு மல்லுக்கட்டுவார், முறையின் பலனெல்லாம் போய்விடும். ரப்பர் கயிற்றின் நீளம், பட்டையின் உயரம், வளையம் இருக்கும் இடம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குப் பொருந்தியது இன்னொருவருக்குப் பொருந்தாது. வாடகை உடுப்பை மாட்டிக்கொண்டு ஒரே நாளில் சைட்மவுண்டின் சுகத்தை அறிந்துவிட முடியாது.

கோரமண்டல் கரையில் இதற்குப் பெரிய சோதனை படகுதான். இங்கே டைவர்களை ஏற்றிப்போகும் படகுகளில் பல சிறியவை. வங்கக் கடலின் அலையில் அவை ஓயாமல் ஆடும். முதுகுச் சிலிண்டர்காரர் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கம் சாய்ந்து விழுந்தால் வேலை முடிந்தது. சைட்மவுண்டில் இரண்டையும் மாட்டிக்கொண்டு சாய்ந்தால் சிலிண்டர் விளிம்பில் மோதும், முழங்கையில் அடிக்கும். அதனால் பலர் முதலில் தாங்கள் இறங்கி, பிறகு சிலிண்டர்களைக் கயிற்றில் இறக்கி வாங்கி, அலையில் மிதந்தபடி மாட்டிக்கொள்வார்கள். அமைதியான நீரில் இது ஒரு நிமிட வேலை. அலை எழும் நாளில் ஒரு கை நங்கூரக் கயிற்றை விடமுடியாமல், மறு கையால் பின்வளையத்தைத் தேடிக்கொண்டிருப்பதற்குள் கூட வந்தவர்கள் காத்துக் காத்துச் சோர்ந்துபோவார்கள். ஏறும்போதும் அப்படியே. சிலிண்டர்களைக் கழற்றி மேலே கொடுக்க வேண்டும். படகில் இருப்பவர் குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். இந்த முறைக்குப் பழகாத படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் கோபமும் காயமும்தான் மிஞ்சும். செலவும் கூடுகிறது: இரண்டு சிலிண்டர் வாடகை, இரண்டு ரெகுலேட்டர், இரண்டுக்கும் ஆண்டுப் பராமரிப்பு.

இலங்கையின் கிழக்குக் கரையில் இந்த முறை தன் முழு மதிப்பைக் காட்டும் இடங்கள் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் 24 மீட்டர் அளவில் இருக்கிறது. சிதைந்த கப்பல்களில் மீன்பிடி வலைகள் சிக்கிக் கிடப்பது வழக்கம். தலைக்குப் பின்னால் வால்வு நீட்டிக்கொண்டிராததால் சைட்மவுண்ட் டைவருக்கு வலையில் மாட்டும் வாய்ப்பு அங்கே குறைவு, மாட்டினாலும் கண்ணால் பார்த்து அறுக்கலாம். ஆனால் பக்கவாட்டில் வரிசையாகத் தொங்கும் கொக்கிகள் நூலைக் கவ்வக்கூடியவை. அகலமும் கூடுதல். உயரம் குறைந்த இடுக்கில் நுழைகிறவர் அகலம் குறைந்த இடுக்கில் நுழைய முடியாது. இன்னொரு ஆபத்து மனத்தில் இருக்கிறது. நுழைய முடிகிறது என்பதாலேயே, உள்ளே போகப் பயிற்சி இல்லாதவரும் கப்பலறைக்குள் நுழைந்துபார்க்கத் துணிகிறார். தனிச் சான்றிதழ் இல்லாமல் கூரையுள்ள எந்த இடத்துக்குள்ளும் போகக்கூடாது என்பது சைட்மவுண்டுக்கும் பொருந்தும்.

இப்போது நைட்ரஜனும் மலையும். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது சுவாசக் காற்றின் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகிறது. மேலே வந்ததும் அது உடனே வெளியேறிவிடாது. இரத்தத்திலிருந்து சில நிமிடங்களில் குறையும், சில திசுக்களிலிருந்து மணிக்கணக்கில் ஆகும். உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். பின்னாளில் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ப்யூல்மன் மலை ஏரிகளில் மூழ்குவோருக்காக இந்தக் கணக்கை விரித்தார். அவரது கணக்கில் மிக மெதுவான திசு, தன்னிடம் மிஞ்சிய நைட்ரஜனில் பாதியை இழக்கவே 635 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் வெளி அழுத்தம் இன்னும் குறைந்தால், கரைந்திருக்கும் வாயு குமிழியாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அழுத்த நோய் எனப்படுவது இதுதான்; சங்கு குளிக்கிறவர்கள் மூட்டுவலியாக அறிந்திருப்பதும் இதையே.

டைவிங் முடித்த பிறகு விமானம் ஏறக்கூடாது என்பது எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லப்படுகிறது. கார் ஏறி மலைக்குப் போவதும் அதே கணக்கில் வரும் என்பது அந்த அளவுக்கு மனத்தில் பதிவதில்லை. டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு 2002-இல் கூட்டிய அறிஞர் குழுவின் பரிந்துரை 2000 அடி முதல் 8000 அடி வரையான உயர அழுத்தத்துக்குச் சொல்லப்பட்டது: கட்டாய நிறுத்தமில்லாமல் ஒரே முறை இறங்கியவர் 12 மணி நேரம், பலமுறையோ பல நாட்களோ இறங்கியவர் 18 மணி நேரம், கட்டாய நிறுத்தம் செய்தவர் அதைவிடக் கணிசமாகக் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். ஏற்காடு சுமார் 1515 மீட்டர், ஏறத்தாழ 4970 அடி. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் சுமார் 83 விழுக்காடுதான். பரிந்துரையின் எல்லைக்கு நட்ட நடுவில் நிற்கிறது இந்த ஊர்.

புதுச்சேரியில் காலையில் இரண்டு முறை இறங்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகக் கிளம்பினால் இரவுக்குள் சேலம் வந்துவிடலாம். அதுவரை சொல்லும்படியான ஏற்றம் இல்லை. சேலம் 300 மீட்டருக்கும் கீழேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு மணி நேரத்துக்குள் 1200 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஞாயிறு மதியம் கரையேறியவர் அன்றிரவே ஏற்காட்டில் தூங்கப் போனால் அவர் கடைப்பிடித்த இடைவெளி 18 மணி நேரத்தில் பாதிகூட இருக்காது. இரண்டு சிலிண்டரில் 55 நிமிட எல்லையைத் தொட்டுவிட்டு வந்த சைட்மவுண்ட் டைவரின் உடலில், 30 நிமிடத்தில் காற்று குறைந்து மேலேறிய ஒற்றைச் சிலிண்டர்காரரைவிட நைட்ரஜன் அதிகம். கூடுதல் காற்றை நேரமாகச் செலவழித்ததன் கணக்கு மலைப்பாதையில்தான் தீர்க்கப்படுகிறது. அன்றிரவு சேலத்தில் தங்கிவிட்டு மறுநாள் மதியம் மலையேறினால் இந்தப் பிரச்சினையே எழாது.

பெங்களூருக்குத் திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். அந்த நகரம் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூர் நோக்கி ஏறும்போதே 2000 அடி, அதாவது சுமார் 600 மீட்டர் எல்லை கடந்துவிடுகிறது. வாரக்கடைசியில் புதுச்சேரிக்கு வரும் டைவர்களில் பெங்களூர்க்காரர்கள் ஏராளம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களுக்கு ஏற்றம் இன்னும் அதிகம், 2000 மீட்டரையும் தாண்டும்.

மலையில் வசிப்பவர் கடலுக்கு இறங்கிவந்து மூழ்குவதில் இந்தச் சிக்கல் இல்லை, வீட்டுக்குத் திரும்பி ஏறும்போதுதான் வரும். மலை ஏரியிலேயே மூழ்குவது தனிக் கலை. 300 மீட்டருக்கு மேல் உள்ள எந்த நீர்நிலைக்கும் தனி அட்டவணையோ, உயரத்தைத் தானே கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரோ வேண்டும். ஏற்காட்டின் உயரத்தில் 10 மீட்டர் மூழ்குவது, அட்டவணைக் கணக்கில் கடலில் 12 மீட்டர் மூழ்கியதற்குச் சமம்.

நோய் வந்தால் அதை அடையாளம் காண்பதில்தான் மலைப்பாதை ஏமாற்றும். தோள், முழங்கை, முழங்கால் மூட்டில் ஆழ்ந்த வலி, தோலில் அரிப்பும் திட்டுத்திட்டான நிறமாற்றமும், கைகால் மரத்துப்போதல், காரணமில்லாத பெரும் களைப்பு, தலைசுற்றல், தள்ளாட்டம், சிறுநீர் பிரியாமை ஆகியவை அறிகுறிகள். வளைவுகளில் ஏறிவந்தவர் தலைசுற்றலையும் குமட்டலையும் பயணத்தின் மேல் போடுவார். மூட்டுவலியைச் சிலிண்டர் தூக்கியதன் மேல் போடுவார். 24 மணி நேரத்துக்குள் டைவிங் செய்த ஒருவருக்கு இவற்றில் எது தோன்றினாலும் அழுத்த நோய் என்றே முதலில் கொள்ள வேண்டும். படுக்கவைத்து, கிடைக்கும் முதல் நிமிடத்திலிருந்து முகமூடி வழியாகச் சுத்த ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். 108-ஐ அழைத்து, காத்திராமல் மலையிறக்கிச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நோயாளி டைவர் என்பதையும், எத்தனை முறை, எவ்வளவு ஆழத்தில், எத்தனை நிமிடம் இருந்தார், எத்தனை மணிக்குக் கரையேறினார் என்பதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முழுக் குணத்துக்கு மறு அழுத்த அறை தேவைப்படும். அங்கே அனுப்புவதா என்ற முடிவு அந்த விவரங்களைப் பொறுத்தது. டைவ் கம்ப்யூட்டரில் அவை எல்லாம் பதிவாகியிருக்கும் என்பதால் அதையும் நோயாளியோடு அனுப்ப வேண்டும்.